றால்ஃப் பிரபுவின் வயிற்றுவார்

இரவு ஒன்பதரைக்குப் பக்கங்கள் வரும்.
ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்,
பிழை விட்டால் பத்து ரூபாய் வெட்டு.
கல்லடியில் கச்சான் காற்று
தகரக் கேற்றை அடித்துக்கொண்டிருக்க
எழுநூறு வருசத்துக்கு முந்திய இங்கிலாந்தைத்
தட்டச்சுச் செய்கிறேன்.

இந்தக் கிழமை வந்தவர்
றால்ஃப், வென்ஸ்கோம்பின் பிரபு.
இரண்டு ராசாக்களுக்கு ஊழியம்.
முடிசூட்டு விருந்தில் ராசா கை கழுவ
துவாய் ஏந்தி நிற்பது பரம்பரை உரிமை.
அதற்கு ஒரு வழக்கு, பதினாலு வருசம்,
ஒன்றுவிட்ட தம்பியோடு.

“என்னகா, துவாய்க்கா வழக்கு?”
அம்மா சுளகில் உழுந்து பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு பிரான்சில் யுத்தம்.
அறுபது வில்லாளர், பன்னிரண்டு குதிரை, சொந்தச் செலவில்.
ராசா தரவேண்டிய சம்பளம்
முன்னூற்றுப் பன்னிரண்டு பவுண்.
கணக்கேட்டில் அடுத்த ராசா காலத்துக்கும்
அது நிலுவையாகவே நகர்கிறது.
அவர் அங்கே முகாமில் கிடக்க
இரண்டாவது மகன் இங்கே காய்ச்சலில் போனான்.
அதே மாதம் ராசா வீட்டுக்கு அனுப்பியது
ஒரு மான், உப்பிட்டது.

மூத்தவன் பெயர் றால்ஃப். அவன் மகன் பெயரும் றால்ஃப்.
ஆண்பிள்ளைகள் ஐந்து பேர், பிறந்த நாளோடு.
அதற்குக் கீழே:
மகள்மார், சிலர்.

“மறுகா, பொண்டாட்டிர பேர் என்ன?”
போடல்ல அம்மா. இன்னாரின் மகள் என்றுதான் இருக்கு.
“அப்ப இவன் என்ன வயித்துவார்?”

மென்பொருளில் அந்தக் கட்டம் இல்லை.
பட்டத்துக்கு உண்டு, கோட்டைக்கு உண்டு,
கேடயத்தில் வரைந்த பன்றிக்கும் உண்டு.

அம்மா சுளகை வைத்துவிட்டு விரலை மடக்கினா.
கனகாத்தை வயிற்றில் நான்.
பொன்னாத்தை வயிற்றில் கனகாத்தை.
செம்பாத்தை வயிற்றில் பொன்னாத்தை.
அவளைப் பெத்தது பனிச்சங்கேணியால வந்த ஒருத்தி,
பேர் நாக்கில நிக்குது, வருகுதில்ல.
கோயில்ல ஒரு நாள் திருவிழா
எங்கட குடிக்கு வந்ததே அவளாலதான்.
அதுக்கும் ஒரு வழக்கு நடந்தது.

அப்பா சாய்மனைக் கதிரையில்,
கேட்டும் கேளாமலும்.
முப்பத்தாறு வருசம் கச்சேரி ஆராச்சி.
ஒல்லாந்தர் கோட்டைக்குள்
பதினொரு அரசாங்க அதிபருக்குக் கதவு திறந்தவர்.
விடியக் கொடி ஏற்றி, பொழுதுபட இறக்கி,
மூலை பிசகாமல் மடித்தவர்.
எழுபத்தெட்டுச் சூறாவளியில்
சாவிக்கொத்தோடு இரண்டு நாள் அங்கேயே நின்றாராம்.
கூரை போன வீட்டில், கட்டிலுக்குக் கீழே,
அம்மா அண்ணனைப் பெற்றா.
அதிபர் பிறகு கொடுத்துவிட்டது
இரண்டு றாத்தல் பாண், ஒரு ரின் பால்.
அந்தக் கதை தொடங்கினால்
அப்பா எழும்பி வாசலுக்குப் போய்விடுவார்.

முந்தநாள், ஏன் என்று தெரியாது,
மனைவி என்ற கட்டத்தில்
பொன்னாத்தை என்று அடித்தேன்,
இங்கிலீசு எழுத்தில், அப்படியே அனுப்பினேன்.

இருபத்தேழு மணித்தியாலம்
அவ வென்ஸ்கோம்பில் குடியிருந்தா.
ஈரம் கசியும் கல் மண்டபம், சுவர் நிறையப் பன்றி,
யுத்தத்துக்குப் போய் வராத புருசன்.
வெற்றிலைக்கு எங்கே போயிருப்பா,
அந்தச் சிலர் மகள்மாரை
என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பா.

கொழும்பிலிருந்து மின்னஞ்சல்:
வரி 214. மூலத்தில் இல்லாத பெயர். நீக்கவும்.

நீக்கினேன். பத்து ரூபாய்.

அப்பா கதிரையில் அசைந்தார்.
“அந்தச் சம்பளம், முன்னூற்றுப் பன்னிரண்டு,
குடுத்தானா ராசா?”

இல்ல அப்பா.

கொஞ்ச நேரம் கேற் மட்டும் அடித்தது.

“ஒரு நினைவூட்டல் போட்டிருக்கலாம்” என்றார்.
“கணக்காளருக்கும் ஒரு பிரதி.”